உடைந்த கப்பலுக்கு உடையவன் யார்?

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெட்டச் சொன்னவர் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னர் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைப் பக்கம், கப்பல் உடைந்தால் சரக்கு யாருக்குப் போகும் என்பதுதான் விஷயம்.

நாகலூர் மலையில் உட்கார்ந்து கடல் சட்டம் பேசுவது கொஞ்சம் அபத்தம்தான். இங்கிருந்து பார்த்தால் காபிச் செடியும், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியும்தான் தெரியும். ஆனால் லாரி கவிழ்ந்ததும் டிரைவரை விட்டுவிட்டு சரக்கை அள்ளிக்கொண்டு ஓடும் வீடியோக்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அன்றைய கடற்கரையில் ஒரே ஒரு வித்தியாசம்: அள்ளியது அரசன். அதுதான் வழக்கம், அதுதான் சட்டம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, கேரளத்து ஏழிமலை பற்றி எழுதுகிறார். அந்தத் துறைக்கென்றே வரும் கப்பலுக்கு மரியாதை உண்டு. வேறெங்கோ போகும்போது காற்று ஒதுக்கிய கப்பல் என்றால் மொத்தமும் பறிமுதல். கடவுளே உன்னை இங்கே அனுப்பிவிட்டார், அப்புறம் என்ன? லாஜிக்கை உடைக்கவே முடியாது, பாருங்க.

நயினாதீவுக் கல் இதை if-else மாதிரி பிரிக்கிறது... மன்னிக்கவும், தொழில் புத்தி. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிய மரக்கலம் கெட்டால் செம்பாகம், அதாவது சரிபாதி, பண்டாரத்துக்கு, மறுபாதி உடையவனுக்கு. ஏன் இந்தப் பாரபட்சம்? யானை, குதிரை மேல் நமக்கு ஸ்நேகம் உண்டு என்று மன்னரே காரணம் சொல்கிறார். அந்த ஸ்நேகம் சும்மா இல்லை. பர்மா அரசனோடு அவருக்கு மூண்ட போருக்குச் சூளவம்சம் சொல்லும் காரணங்களில் யானை விலையை ஏற்றியதும் ஒன்று. கம்போஜத்துக்குப் போய்க்கொண்டிருந்த இளவரசியைப் பிடித்துவைத்தது இன்னொன்று.

வெளியூர் வணிகரைக் கல்வெட்டு ‘பரதேசிகள்’ என்கிறது. அவர்கள் வந்து தங்க வேண்டும், பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. பரதேசி, பண்டாரம் இரண்டுமே இன்றைக்கு வசவாகிவிட்டது தனிக்கதை.

இதோடு மோட்டுப்பள்ளி கல்வெட்டை வைத்துப் பார்க்கலாம். ஆந்திரக் கரையில் 1244 வாக்கில் காகதீய மன்னர் கணபதிதேவர் வெட்டியது. முன்னிருந்த அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பலின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். நானோ உயிரைப் பணயம் வைத்துக் கடலேறியவர்கள் மேல் இரங்கி, வழக்கமான சுங்கம் தவிர எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்கிறார். வணிகனாக இருந்தால் நான் மோட்டுப்பள்ளிக்குத்தான் போவேன். பாதியைப் பிடித்துக்கொள்வது இரக்கமே இல்லை.

ஆனாலும் என்னை நிறுத்துவது நயினாதீவுக் கல்லின் ஒரு சொல்: உடையவன். கப்பல் உடைந்து, சரக்கு மணலில் கிடக்கும்போதும் அவன் உடையவன்தான். ஏழிமலையில் உடைமை காற்றோடு போய்விடுகிறது, இங்கே போகவில்லை. இங்கிலாந்திலும் இதே தலைவலி இருந்தது. 1275-ல் முதலாம் எட்வர்டின் சட்டம், கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பினால் அரசு அதை அனாதைக் கப்பலாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. பூனைக்குக்கூட உரிமையைக் காப்பாற்றும் பலம்!

1340-களில் கோழிக்கோட்டில் இபின் பதூதா இதை நேரிலேயே பார்த்தார். அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்தார். புயலில் பெரிய கப்பல் ஒன்று நொறுங்கியது. மலபாரில் மற்ற இடங்களில் ஒதுங்கிய பொருள் அரசுக்கு, இங்கே மட்டும் உடையவர்களுக்கு, அதனால்தான் இந்த ஊர் செழித்தது என்று எழுதுகிறார். கடல் தள்ளிய சரக்கை அள்ள வந்த கூட்டத்தைச் சாமூதிரியின் ஆட்கள் கரையில் நின்று அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள்.