பொற்பனைக்கோட்டைக் கிட்டம்

பொற்பனைக்கோட்டைப் பக்கம் மண்ணைக் கிளறினால் பானை ஓட்டோடு இரும்புக் கிட்டமும் வரும். தாது உருக்கியபோது ஒதுங்கிய கசடு. கறுப்பு, கனம், உடம்பெல்லாம் பொத்தல். புதுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள இந்தச் சங்க காலக் கோட்டையில் 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023-இல் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. பேப்பரில் அங்கே கிடைத்த தங்க மூக்குத்திக்குத்தான் படம். எனக்குக் கிட்டத்தின் மேல்தான் கண்.

என் தாத்தா வைத்தியர். கிட்டம் அவருக்கு மண்டூரம் என்னும் மருந்துச் சரக்கு. பழசாக ஆக ஆக உயர்த்தி; நூறு வருஷத்துக் கிட்டம் உத்தமம் என்பது வைத்தியக் கணக்கு. அப்படிப் பார்த்தால் பொற்பனைக்கோட்டைச் சரக்குக்கு விலையே கிடையாது! பழுக்கக் காய்ச்சிக் கோமியத்தில் தோய்ப்பார்; உதிரும்வரை திரும்பத் திரும்ப. அப்புறம் கடுக்காய், நெல்லி, தான்றிக் கஷாயம் விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி, அகலில் மூடிச் சீலைமண் செய்து வறட்டிப் புடம். வெந்த செந்தூரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தால் ரேகைக்குள் இறங்க வேண்டும், தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடி புடம். சோகைக்காரர்களுக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பார்.

2010-இல் பிரான்சின் வெர்சாய் நகரில் ஜெரார் ஃபெரே, பாட்ரீசியா ஓர்காஹாடா குழுவினர் அதே இரும்பை ஒரு கரிம அமிலத்தோடு கோத்து நுண்கூண்டுகள் செய்தார்கள். கூண்டின் உள்வெளி மூன்று நானோமீட்டருக்கும் குறைவு. இரத்தப் புற்றுக்கான புசல்ஃபான் மருந்து, துகளின் எடையில் கால்வாசி அளவுக்கு அதற்குள் ஏறியது. அதுவரை இருந்த கொழுப்புக் குமிழிகளில் நூற்றில் ஒரு பங்குகூட ஏறாது. இத்தகைய உலோக-கரிமக் கூண்டுகளுக்கு வழி திறந்த கிடாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025-இல் நோபல் கிடைத்தது.

உடனே ‘சித்தர்கள் அன்றே கண்ட நானோ’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். புடம் கஷாயச் சாரத்தை எரித்துத் தீர்க்கும். கூண்டு நிற்பதே அந்தக் கரிமச் சட்டத்தில்தான். வறட்டித் தீயில் வைத்தால் குலைந்துபோகும். தாத்தாவுக்கு இரும்பே மருந்து. இவர்களுக்கு அது மருந்தைச் சுமக்கும் வண்டி. விஷமேறும் பயம் குறைவு என்பதால் இரும்பைத் தேர்ந்தார்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கூண்டின் இருப்பைக் காட்டிக்கொடுப்பதும் அந்த இரும்புதான். ஊசி போட்ட எலிகளின் ஈரலும் மண்ணீரலும் கறுத்துத் தெரிந்தன. செந்தூரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தாத்தாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு மண்டலம் கழித்துக் கீழிமையை இழுத்துப் பார்ப்பார். வெளுப்பு மாறியிருந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்.