ஓவியக்கூட ஒளிப்படம்

ஓவியர் தம் பணியிடத்தில் தூரிகையும் கையுமாக இருக்கும்படி எடுக்கப்படும் உருவப்படம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றி, 1880களில் தனி வகையாக வேரூன்றியது.

1839இல் டாகுவேர் என்னும் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதியவே பல நிமிடங்கள் பிடித்தன. உண்மையில் வேலை செய்பவரை எடுத்தால் கை இருக்கும் இடத்தில் மங்கல்தான் மிஞ்சும். அதனால் ஓவியர் தூரிகை நுனியைத் துணியருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொள்வார். 1870களின் இறுதியில், படம் விரைவாகப் பதியும் ஜெலட்டின் உலர்தகடுகள் விற்பனைக்கு வந்தன. நேர்வெயில் விழாத வடக்குச் சன்னல் ஓவியக்கூடங்களில் முன்பே இருந்தது. இரண்டும் சேர, அறைக்குள் படமெடுப்பது எளிதாயிற்று. பாவனை மட்டும் போகவில்லை. பல படங்களில் ஓவியர் அணிந்திருக்கும் கோட்டு, எண்ணெய் வண்ணம் குழைக்கிறவர் அணியக்கூடியதே அல்ல! இவை உழைப்பைவிட அந்தஸ்தையே பதிவுசெய்தன. லண்டனில் ஒளிப்படக்காரர் மேயாலின் ஓவியர் இல்லப் படத்தொகுதி 1884இல் வெளிவந்தது. ரால்ஃப் வின்வுட் ராபின்சன் ராயல் அகாடமி உறுப்பினர்களை அவரவர் இடத்திலேயே எடுத்தார். பாரிஸில் எட்மண்ட் பெனார் இதே வேலையைச் செய்தார்.

இந்தியாவில் சிறந்த எடுத்துக்காட்டு, உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954) தம் மகளான ஓவியர் அம்ரிதாவை (1913–1941) எடுத்த படங்கள். பாரிஸிலும் சிம்லாவிலும் எடுக்கப்பட்ட அவற்றுள் அம்ரிதா ஓவியத் தாங்கியின் முன் நிற்பவையும் உண்டு. வாடிக்கையாளருக்காக அல்லாமல் வீட்டுக்காக எடுத்தவை என்பதால் விறைப்பு குறைவு. 

கொங்கு நாட்டில் கதை தலைகீழ். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். பின்னர் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என வளர்ந்த திரைத்தொழிலுக்குப் பேனர் ஓவியர்கள் தேவைப்பட்டார்கள். நடிகரின் ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி முகத்தை ஏற்றுவது அவர்கள் முறை. ஒளிப்படம் அவர்கள் கையில் இருந்தது. ஒளிப்படத்தில் அவர்கள் அரிதாகவே இருந்தார்கள். கொட்டகைப் பின்புறமும் சாரமும்தான் அவர்களது ஓவியக்கூடம். அங்கே கேமராவை அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கத்துக் குடும்பங்களில் அப்படியொரு பழைய படம் இருந்தால், பின்புறம் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.