இரண்டிலிருந்து மூன்றுக்கு

எழுபத்தொரு வயது வரை இரண்டு சக்கரத்தில் போய்வந்தேன். இப்போது மூன்று சக்கரத்தில் போகிறேன். இதை எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, "இதில் எழுத என்னங்க இருக்கு?" என்று கேட்டாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டிய போது, எழுத நிறையவே இருக்கிறது என்று தெரிந்தது.

என் வண்டிகளின் வரலாறு சிறியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சைக்கிள். பிறகு சுவேகா மொபெட். திருப்பதியில் தயாரானது என்றாலும், மொத்தோபெக்கான் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கூட்டில் வந்த வண்டி அது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. அதற்குப் பிறகு பல வருடம் பதிந்து வைத்துக் காத்திருந்து வாங்கிய பஜாஜ் சேத்தக். ஓய்வு பெற்ற பின் கியர் இல்லாத ஸ்கூட்டர்.

அந்தக் கடைசி ஸ்கூட்டரில்தான் விழுந்தேன். ஓடும்போது விழுந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். புஸ்ஸி வீதியில், சிக்னலில் நின்றிருக்கும்போது விழுந்தேன். ஊன்றிய இடது கால் மடங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மணக்குள விநாயகர் கோவிலுக்கு, என்னிடம் சொல்லாமலே ஆட்டோவில் போய் வந்தாள். முழங்கால் வலியை விட அது அதிகம் வலித்தது.

"பக்கத்தில் சக்கரம் மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார் எலும்பு டாக்டர். நான் மாட்டேன் என்றேன். அதற்குக் காரணம் வீம்பு மட்டுமல்ல, ஒரு பழைய நினைவும்தான்.

நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில், வண்டிப் பதிவுப் புத்தகங்களை எழுதுவது சில காலம் என் பொறுப்பு. மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டி வந்தால், வகை என்ற இடத்தில் சட்டத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' என்று எழுத வேண்டும். ஒருநாள் போலியோவில் கால் சூம்பிய தையல்காரர் ஒருவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இன்வாலிட் என்றால் செல்லாதது என்றுதானே அர்த்தம்? வண்டி செல்லாதா, நான் செல்லாதவனா?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து, அந்த வார்த்தை என் வண்டிப் புத்தகத்தில் ஏறப் போகிறது என்று நினைத்தபோது அவர் முகம்தான் கண்முன் வந்தது.

அதே வார்த்தைக்குப் பிரெஞ்சில் மதிப்பு வேறு. பாரிசில் 'அன்வாலித்' என்ற பெரிய மாளிகை இருக்கிறது. போரில் கைகால் இழந்த, வயதான சிப்பாய்களைக் கௌரவமாக வைத்துக் காப்பாற்ற, 1670-இல் பதினான்காம் லூயி மன்னர் கட்ட உத்தரவிட்டது. நெப்போலியனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ச் சொல்தாக்கள் பலர் பாரிஸ் போனால் அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள்.

இதை யோசித்துக்கொண்டே புத்தகங்களைப் புரட்டினேன். மூன்று சக்கரம் என்றால் இரண்டிலிருந்து இறங்கி வருவது என்றுதானே நாம் நினைக்கிறோம்? வரலாற்றில் முறை தலைகீழாக இருக்கிறது.

மனிதனும் மாடும் குதிரையும் இல்லாமல் தானே தெருவில் நகர்ந்த முதல் பெரிய வண்டியைச் செய்தவர், நிக்கோலா ழோசேப் குய்ஞோ என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1769-இல் சிறிய மாதிரியையும், அடுத்துப் பெரியதையும் செய்தார். பீரங்கி இழுப்பதற்கான நீராவி வண்டி அது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. கனமான கொதிகலன் முன் சக்கரத்துக்கு முன்னால் தொங்கும். மனிதன் நடக்கும் வேகம்தான். கொஞ்ச தூரம் போனதும் நின்று மறுபடி நீராவி சேர்க்க வேண்டும். ஆங்கிலேயர் 1761-இல் இடித்துத் தரைமட்டமாக்கிய நம் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வண்டி படைக்குப் பயன்படவில்லை. ஆனாலும் பதினைந்தாம் லூயி மன்னர் குய்ஞோவுக்கு வருடம் 600 லிவ்ர் பென்ஷன் கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சியில் அந்தப் பென்ஷன் நின்றுபோய், மனிதர் பிரஸ்ஸல்ஸில் வறுமையில் கிடந்தார். நெப்போலியன் காலத்தில்தான் அது திரும்பக் கிடைத்தது. 1804-இல் பாரிசில் இறந்தார். பென்ஷன் நின்றால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருடைய வண்டி இன்றும் பாரிஸ் தொழிற்கலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அடுத்தது ஜெர்மனி. 1886 ஜனவரி 29-ஆம் தேதி கார்ல் பென்ஸ் காப்புரிமை கேட்டு மனு கொடுத்த முதல் பெட்ரோல் காருக்கும் மூன்று சக்கரம்தான். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனது அந்த வகை வண்டியில்தான். கணவரிடம் சொல்லாமல் புறப்படுவது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

இவற்றையெல்லாம் விட என்னை அசைத்தது இன்னொரு வண்டி. பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று சொல்லப்படுவது, 1885-இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் செய்தது. மரச் சட்டம், மரச் சக்கரம். அதன் படத்தை உற்றுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சாயாமல் இருக்க இரண்டு சிறிய சக்கரங்கள்! நம் ஊர்ப் பட்டறையில் ஸ்கூட்டருக்கு மாட்டுகிற அதே ஏற்பாடு. டைம்லரின் மகன் அதை ஓட்டிப் போனபோது, இருக்கைக்கு அடியில் இருந்த இன்ஜின் சூட்டில் இருக்கை தீப்பிடித்ததாம். மோட்டார் சைக்கிளின் மூதாதையே பக்கச் சக்கரத்தோடுதான் பிறந்திருக்கிறது. எனக்கு என்ன வெட்கம்?

அதற்குப் பிறகும் மூன்று சக்கரம் மறையவில்லை. 1890-களின் இறுதியில் பிரான்சில் தெ தியோன்-பூத்தோன் கம்பெனியின் மோட்டார் முச்சக்கர வண்டிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. இத்தாலியில் வெஸ்பா 1946-இல் வந்தது. இரண்டே வருடத்தில் அதே கம்பெனி, வெஸ்பாவுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து 'ஆப்பே' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. நாம் ஏறும் ஆட்டோவும் அந்த வம்சம்தான். அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் 1932 முதல் 1973 வரை போலீசுக்கும் கடைகளுக்கும் மூன்று சக்கர வண்டி செய்தது. பெரிய மோட்டார் சைக்கிளைத் தாங்கிப் பிடிக்கக் கால் இடம் கொடுக்காதவர்கள் பலர் இன்று அதன் புதிய மூன்று சக்கர வண்டிகளுக்கு மாறுகிறார்கள்.

ஓய்வு பெற்ற பின் மகள் வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தபோது, முன்னால் இரண்டு சக்கரம் வைத்த பியாஜியோ ஸ்கூட்டர்களை நிறையப் பார்த்தேன். கோட்டும் டையும் போட்ட நடுவயதுக்காரர்கள் அதில் ஆபீஸ் போகிறார்கள். வளைவில் இரண்டு சக்கர வண்டி போலவே சாயும். சிக்னலில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாயாமல் நிற்கும், காலை ஊன்ற வேண்டாம். அன்று வேடிக்கை பார்த்தேன். புஸ்ஸி வீதியில் விழுந்த பிறகுதான் அந்தப் பொத்தானின் அருமை புரிந்தது.

கடைசியில் முதலியார்பேட்டையில் ஒரு பட்டறையில் என் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் மாட்டினேன். எண்ணிப் பார்த்தால் மொத்தம் நான்கு சக்கரம், ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் மூன்று சக்கர ஸ்கூட்டர்தான். மாறப்போகும் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐம்பது வருடப் பழக்கம்தான் முதல் எதிரி. இரண்டு சக்கரத்தில் வளைவுக்கு வண்டியைச் சாய்ப்போம். இது சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், உடம்பை மட்டும் உள்பக்கம் கொடுக்க வேண்டும். நிற்கும்போது காலைக் கீழே நீட்டவே கூடாது, பக்கச் சக்கரம் காலில் ஏறிவிடும். நடுச் சக்கரம் தப்பித்த பள்ளத்தில் ஓரச் சக்கரம் விழும். ரோடு ஓரத்துக்குச் சரிந்திருந்தால் வண்டியும் ஓரத்துக்கு இழுக்கும். முதல் இரண்டு வாரம் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் பழகினேன்.

டாக்டர் சான்றிதழோடு பதிவை மாற்றப் போனேன். புதுப் புத்தகத்தில் அந்த வார்த்தையைத் தேடினேன். அது இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' நீக்கப்பட்டு, 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்ற பொருளில் வேறு வார்த்தை வந்துவிட்டது. அந்தத் தையல்காரர் எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சிரித்திருக்கக் கூடாது.

முதல் மாதம் மனைவி வண்டிப் பக்கமே வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பூக்கூடையோடு வாசலுக்கு வந்தவள், வண்டியைச் சுற்றி வந்து இரண்டு பக்கச் சக்கரத்தையும் கையால் அசைத்துப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, "மெதுவா போங்க" என்றாள்.

மெதுவாகத்தான் போனேன்.