இராபென்முட்டர்

இராபென்முட்டர் என்பது பிள்ளைகளைப் பேணாத தாயைப் பழிக்கும் ஜெர்மன் மொழிச் சொல் ஆகும். "அண்டங்காக்கைத் தாய்" என்பது இதன் நேர்ப்பொருள். சிறு குழந்தையை விட்டு வேலைக்குச் செல்லும் பெண்களைக் குறிக்கவே இது பெரிதும் பயன்பட்டது. பெண்களின் வேலை குறித்த சமூக மனப்பாங்குக்கும் பிறப்பு வீதத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க இச்சொல் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது.

சொல்லின் தோற்றம்

அண்டங்காக்கைக் குஞ்சுகள் நன்கு பறக்கக் கற்குமுன்பே கூட்டைவிட்டு வெளியேறிவிடும். இதனால் தாய்ப்பறவை அவற்றைக் கைவிட்டதாக மக்கள் கருதினர். உண்மையில் பெற்றோர் பறவைகள் அதன் பின்னரும் இரையூட்டுகின்றன. (காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்னும் தமிழ்ப் பழமொழியே இங்கு உண்மைக்கு நெருக்கமானது.)

மேற்கு ஜெர்மனி

இங்கு திருமணமான பெண், குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாத அளவிலேயே வேலைக்குச் செல்லலாம் என்ற விதி 1977 வரை குடிமைச் சட்டத்தில் இருந்தது. பெரும்பாலான பள்ளிகள் நண்பகலோடு முடிந்தன. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான காப்பகங்கள் மிக அரிதாகவே இருந்தன. வீட்டிலிருப்பவளே நல்ல தாய் என்ற கருத்து இவ்வளவு வலுவாக இருந்தும் பிள்ளைகள் பெருகவில்லை. மொத்தக் கருவள வீதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) 1960களின் நடுவில் ஏறத்தாழ 2.5 ஆக இருந்தது, 1975இல் 1.5க்குக் கீழே இறங்கியது. கருத்தடை மாத்திரையின் பரவல் போன்ற பிற காரணங்களும் இதற்கு உண்டு. எனினும் வேலை, குழந்தை ஆகிய இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கவேண்டிய நிலையில், உயர்கல்வி பெற்ற பெண்களில் கணிசமானோர் குழந்தை பெறாமலே இருந்தனர்.

கிழக்கு ஜெர்மனி

இங்கு வேலைக்குச் செல்லும் தாய் இயல்பானவராகக் கருதப்பட்டார். காப்பகங்களும் பரவலாக இருந்தன. 1980இல் வீதம் 1.9 அளவில் இருந்தது. ஆனால் 1990இல் நாடு ஒன்றிணைந்தபின் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகியது. 1994இல் வீதம் 0.8க்கும் கீழே வீழ்ந்தது. மனப்பாங்கு சில ஆண்டுகளில் மாறிவிடவில்லை. வாழ்க்கையின் உறுதிப்பாடே குலைந்திருந்தது. 2000களின் இறுதியில் கிழக்குப் பகுதி மேற்கை மீண்டும் எட்டியது.

சீர்திருத்தங்கள்

2007இல், குழந்தையைக் கவனிக்க வேலையிலிருந்து விலகும் பெற்றோருக்கு நிகர ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதை முன்னின்று நடத்திய அமைச்சர் உர்சுலா வான் டெர் லேயன், ஏழு குழந்தைகளின் தாய். 2013 முதல் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்டப்படியான உரிமையாயிற்று. 2016இல் வீதம் 1.6ஐ நெருங்கியது, குடியேறிய பெண்களின் பங்கும் இதில் உண்டு. 2023இல் அது மீண்டும் 1.4க்குக் கீழே சென்றது.

பிற நாடுகள்

வளர்ந்த நாடுகளில் 1970களில், பெண்கள் அதிகமாக வேலை செய்த நாடுகளில் பிறப்பு குறைவாக இருந்தது. 1980களின் பின் இது தலைகீழானது: சுவீடன், நோர்வே போன்றவை முந்தின, இத்தாலி, ஸ்பெயின் பின்தங்கின. 2010களில் இத்தொடர்பும் தளர்ந்தது. தாய்மார் வேலைக்குச் செல்வதைப் பழிக்காத பின்லாந்திலும் 2023இல் வீதம் 1.3க்குக் கீழே இருந்தது.