சிரிப்பு வெடியும் திரியும்

அடிதடி நகைச்சுவை இயங்குபடங்களில் வெடி மிகப் பழைய உத்தி. 1949-ல் தொடங்கிய ரோட் ரன்னர் வரிசையில் கயோட்டி என்னும் பாத்திரம் தான் வைத்த வெடியிலேயே கருகும். அடுத்த காட்சியில் புதிய திட்டத்தோடு வந்து நிற்கும். 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஹேப்பி ட்ரீ பிரண்ட்ஸ் இணையத் தொடர் இன்னும் கொடூரமானது. அதில் பாத்திரங்கள் உடல் சிதறிச் சாகும். ஆனாலும் அடுத்த பகுதியில் ஒன்றும் நடவாததுபோல் திரும்பிவிடும்.

இந்தச் சிரிப்பு பெரும்பாலும் திரியை நம்பியது. திரி எரியும் நேரத்தில் வரப்போவது பார்ப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. திரியில்லாமல் திடீரென வெடித்தால் அதிர்ச்சிதான், சிரிப்பு வராது.

திரைக்கு வெளியே, பட்டாசு செய்யும் ஊர்களில் நடப்பது அதுதான். விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணை வட்டார ஆலைகளில் விபத்துக்குத் திரி வேண்டியதில்லை. மருந்து கலக்கும்போதோ செலுத்தும்போதோ ஏற்படும் உராய்வே போதும், ஓட நேரமிராது. 2021 பிப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்து அறைகளை இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டுவதும், ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற விதியும் இதற்காகத்தான்.