மெதுவாகப் போகும் படகு

கோடையில் இங்கிலாந்தின் கால்வாய்க் கரையோரம் நடந்தால் இந்தக் காட்சி தப்பாது. நீளமான, ஒடுங்கின படகு. பின்னால் நின்று சுக்கான் பிடிக்கிறவருக்கு எழுபது வயதாவது இருக்கும். பக்கத்தில் மனைவி, கையில் தேநீர்க் கோப்பை. வேகம் மணித்தியாலத்துக்கு 4 மைல். அதுக்கு மேலே போகச் சட்டம் விடாது. அவைக்கும் அவசரமில்லை.

ஆனால் இந்தக் கால்வாய்களை ஆரும் ஓய்வெடுக்க வெட்டவில்லை. 1761இல் திறந்த பிரிட்ஜ்வோட்டர் கால்வாய், வேர்ஸ்லிச் சுரங்கத்து நிலக்கரியை மன்செஸ்டருக்குக் கொண்டுபோனது. அங்கே நிலக்கரி விலை பாதியாக விழ, நாடு முழுக்கக் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். மேடு பள்ளத்தைக் கடக்க நீர்ப்பூட்டுகள்: படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்கும் தொட்டிகள். பல இடங்களில் அவற்றின் அகலம் 7 அடிதான். படகு ஒடுங்கினதுக்குக் காரணம் அதுதான், வடிவுக்காக இல்லை.

பிறகு ரயில் வந்தது. போட்டியில் கூலி குறைந்தது. கரையில் வாடகை கட்ட வழியில்லாத படகோட்டிகள் குடும்பத்தையே படகில் ஏற்றினார்கள். 70 அடிப் படகில் சரக்குக்குப் போக மிஞ்சினது சுமார் 10 அடி அறை. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதுக்குள்ளதான். 1877இல் நெரிசலையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றிச் சட்டம் போட்டார்கள். நாளுக்கொரு ஊரில் நிற்கிற பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறது?

1944இல் ரொம் ரோல்ட் தன் படகுப் பயணத்தை ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதைப் படித்த ரொபேர்ட் ஐக்மனும் அவரும் சேர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஐந்தே வருசத்தில் சண்டை. உழைக்கிற படகுச் சனத்தின் வாழ்க்கைதான் முதலில் காப்பாற்றப்பட வேணும் என்றார் ரோல்ட். ஐக்மனுக்கு எல்லாக் கால்வாயும் வேணும், உல்லாசப் படகுகளும் வரட்டும். 1951இல் ரோல்ட்டைச் சங்கத்தை விட்டே நீக்கினார்கள்.

மனசு ரோல்ட் பக்கம்தான் சாயுது. எண்டாலும், அந்த 10 அடி அறைக்குள் பிள்ளை பெத்த ஒருத்தியிட்டக் கேட்டிருந்தால், இந்த வாழ்க்கையைக் காப்பாத்துங்கோ எண்டு சொல்லியிருப்பாவா?

முடிவைக் காலம் எடுத்தது. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடக்க, மிஞ்சியிருந்த சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி அதோடு போனது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் பல கால்வாய்களை உல்லாசப் பயணத்துக்கென்றே வகைப்படுத்தியது. தூர்ந்து கிடந்தவற்றைத் தொண்டர்கள் சேற்றில் இறங்கித் துப்புரவாக்கினார்கள். அப்படி மீட்ட கெனற் – ஏவன் கால்வாய் 1990இல் முழுதாகத் திறந்தது.

அந்த மீட்புக்கு ஆதரவு கொடுத்தவர்களில் நடிகத் தம்பதி திமோத்தி வெஸ்டும் புறூனெல்லா ஸ்கேல்ஸும் இருந்தார்கள். 2014 முதல் சனல் 4 தொலைக்காட்சியில் இருவரும் கால்வாய் கால்வாயாகப் போனார்கள். அவருக்கு எண்பது நெருங்கியிருந்தது, அவவுக்கு எண்பது தாண்டியிருந்தது. ஸ்கேல்ஸுக்கு மறதிநோய் இருந்தது. அதை அவர்கள் ஒளிக்கவில்லை. நேற்று எந்த ஊரில் நின்றோம் என்பது நினைவில் தங்காது. ஆனால் நீர்ப்பூட்டு வந்தால் அவ கரையில் இறங்கிக் கதவைத் தள்ளுவா, அவர் படகை மெதுவாக உள்ளே விடுவார்.