மருத்துவிச்சி கொண்டு சென்ற செய்தி

கருவுற்ற பெண்ணொருத்தி தன் உடலைப் பற்றி அறியவேண்டியதை யாரிடம் கேட்டறிவாள்? ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இவ்வினாவின் விடை பெரும்பாலும் அவளுடைய தோலின் நிறத்தைப் பொறுத்திருந்தது.

1912ஆம் ஆண்டில் அந்நாட்டரசாங்கம் குழந்தைகள் நலப் பணியகத்தை நிறுவிற்று. கர்ப்பகாலப் பராமரிப்புப் பற்றி 1913இலும், சிசு பராமரிப்புப் பற்றி 1914இலும் அது வெளியிட்ட சிறு நூல்கள் இலட்சக்கணக்கில் பரவின. ஐயங்களை எழுதிக் கேட்ட தாய்மாருக்குத் தபாலில் மறுமொழியும் சென்றது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவள், வைத்தியரை அழைக்கக்கூடியவள் என்னும் எண்ணத்திலேயே அந்நூல்கள் எழுதப்பட்டிருந்தன. பருத்தித் தோட்டங்களில் வாரக்குடிகளாய் உழைத்த கறுப்பினப் பெண்கள் பலருக்கு இவ்விரண்டும் எட்டாதவை. பள்ளிகளும் வைத்தியசாலைகளும் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்த காலம் அது.

அவர்களுக்கு நூலும் வைத்தியரும் மருத்துவிச்சியே. அடிமைக் காலந்தொட்டுத் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் கற்ற கலையை அவள் கையாண்டாள். பிள்ளை பிறந்ததும் அவள் பணி முடிந்துவிடுவதில்லை. தாயின் உணவு, பாலூட்டல், ஓய்வு யாவும் அவள் சொற்படியே நடந்தன.

1921இல் நிறைவேறிய செப்பர்ட்-டௌனர் சட்டம் தாய்சேய் நலத்துக்கென மாநிலங்களுக்குப் பணம் வழங்கிற்று. மரணங்களுக்கு மருத்துவிச்சியரின் அறியாமையே காரணமென அதிகாரிகள் பலர் பழித்தனர். வறுமையையும் வைத்தியரின்மையையும் விட மருத்துவிச்சியைப் பழிப்பது எளிதுதானே! ஆயினும் கைகழுவும் முறையையும், குழந்தையின் கண்ணில் மருந்துத்துளி இடுவதையும், பிறப்பைப் பதிவதையும் குடிசைவரை கொண்டு செல்ல அவளன்றி அவர்களுக்கு வேறு ஆளில்லை. தாதியர் வகுப்பு நடத்தி, அவளுடைய பையைச் சோதித்து, உத்தரவுப்பத்திரம் வழங்கினர்.

மிசிசிப்பியில் இன்னொரு தடை இருந்தது. 1935இல் அல்பா கப்பா அல்பா என்னும் கறுப்பின மாதர் சங்கத்தினர், டொக்டர் டொரதி பெரிபீயின் தலைமையில், இலவசச் சிகிச்சை நிலையங்கள் நடத்தச் சென்றனர். தொழிலாளர் தோட்டத்தை விட்டு வெளியேறத் துரைமார் இசையவில்லை. மாதர் மருந்துகளைத் தம் மோட்டார் வண்டிகளில் ஏற்றித் தோட்டங்களுக்கே சென்றனர். பின்வந்த கோடைகளிலும் அப்பணி தொடர்ந்தது.

ஜோர்ஜியா மாநிலச் சுகாதாரப் பகுதிக்காக ஜோர்ஜ் ஸ்டோனி தயாரித்து 1953இல் வெளிவந்த பயிற்சிப் படத்தின் நாயகி மேரி கோலி, அல்பனி நகரில் உண்மையாகவே மருத்துவிச்சியாயிருந்தவர். ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஏந்திய அவருடைய கைகளைப் பார்த்து மற்றையோர் கற்றனர்.

இதற்கிடையில் அலபாமாவின் டஸ்கீகியில், 1932 முதல், மேகநோயுற்ற கறுப்பின ஆடவர் ஏறக்குறைய நானூறு பேரிடம் ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டும் சொல்லி, நோயின் போக்கை அரசாங்க வைத்தியர்கள் சிகிச்சையளியாது கவனித்து வந்தனர். மனைவியருட் சிலருக்கும் நோய் தொற்றிற்று. 1972இல் இது வெளிப்பட்டபோது, வைத்தியர் வாய்ச்சொல்லில் முன்பே இருந்த ஐயம் இன்னும் ஆழமாயிற்று. நான்கு ஆண்டுகளின் பின், 1976இல், அதே மாநிலம் பரம்பரை மருத்துவிச்சியரின் உத்தரவுகளைச் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவந்தது. நம்பத்தக்க வாய் ஒன்று அடைபட்டது.

1983இல் அத்திலாந்தா நகரின் ஸ்பெல்மன் கல்லூரியில், பில்லி ஏவரியின் முயற்சியால், கறுப்பினப் பெண்களின் சுகாதார மாநாடொன்று கூடிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அதையொட்டிப் பல ஊர்களிலும் சிறு குழுக்கள் தோன்றின. அவற்றிற் பெண்கள் வட்டமாய் அமர்ந்து, வைத்தியரிடம் சொல்லக் கூசிய நோவுகளைத் தம்முள் ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தனர்.